செய்தி சேரும் வழி

நுழையும்முன்

அலைபேசித் திரையில் ஒரு வரி தோன்றுகிறது. சற்று நேரத்தில் மறைகிறது. அதை அனுப்பியவர் யார்? அது எவ்வழியே வந்தது? அதை நம்பி ஒருவர் விதையை மண்ணில் போடலாமா? இணையச் செயலி ஒன்று தன் பயனருக்கு அறிவிப்பு அனுப்பும் முறையையும், அவ்வறிவிப்பை மக்கள் நம்பிச் செயற்படுவதற்கு வேண்டியவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

முரசும் தமுக்கும்

புகார் நகரில் 28 நாள் இந்திர விழா நடைபெறவிருப்பதை ஊரறியச் செய்தவன் முரசறைவோன். யானையின் பிடரியில் முரசை ஏற்றி, விழாச் செய்தியையும் அதற்காக நகர மக்கள் செய்ய வேண்டியவற்றையும் அவன் அறிவித்ததை மணிமேகலையின் முதற்காதையாகிய விழாவறை காதை காட்டுகிறது. முதலில் முரசொலி, அடுத்துச் செய்தி, அதன்பின் செய்ய வேண்டிய செயல். அலைபேசியின் சிற்றொலியும் அதைத் தொடரும் இரு வரிகளும் இன்றளவும் இவ்வரிசையிலேயே வருகின்றன.

பிற்காலத்தில் சிற்றூர்களில் தமுக்கடித்துத் தண்டோரா போடும் வழக்கம் நிலவியது. வரி கட்டும் நாள், ஏலம், திருவிழாக் கூட்டம் எனப் பலவும் இவ்வாறே ஊருக்குச் சொல்லப்பட்டன. ஆனால் அப்பணி ஒடுக்கப்பட்ட மக்கள்மீது பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்டிருந்தது. தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு இவ்வழக்கத்தைக் கைவிடச் செய்து, ஒலிபெருக்கி பொருத்திய வாகனங்களைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது. செய்தி ஊருக்குத் தேவை. அதைச் சொல்வதற்காக ஒரு மனிதரைத் தாழ்த்துவது தேவையன்று.

நல்லவாட்டில் ஒலித்த குரல்

அறிவிப்பு என்பது உயிரோடு தொடர்புடையது என்பதற்குப் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூர் சான்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதி ஊர்களில் 1998ஆம் ஆண்டு முதல் ஊரக அறிவு மையங்களைத் தொடங்கியது. அவற்றில் கணினி இருந்தது, இணைப்பு இருந்தது, கடற்கரை ஊர்களில் ஒலிபெருக்கியும் இருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியான அலை உயர முன்கணிப்பைப் பதிவிறக்கி, தமிழில் ஊருக்குச் சொல்வது அம்மையங்களின் அன்றாடப் பணிகளுள் ஒன்று.

2004 டிசம்பர் 26 அன்று காலை. நல்லவாட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் அப்போது சிங்கப்பூரில் பணிபுரிந்துவந்தார்; முன்னர் ஊரில் இருந்தபோது அறிவு மையப் பணிகளில் தன்னார்வலராக ஈடுபட்டவர். நிலநடுக்கச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்ட அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் ஏறிவருவதை வீட்டார் கூறியதும், அனைவரையும் உடனே வெளியேறச் சொல்லுமாறு வேண்டினார். செய்தி அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் ஒலித்தது. மக்கள் ஓடினர். அலை வீடுகளையும் படகுகளையும் அழித்தது. ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் ஓர் உயிரும் போகவில்லை.

தொலைபேசி அழைப்பு ஒரு வீட்டைத்தான் எட்டியது. ஊரை எட்டியது ஒலிபெருக்கி. ஆயினும் கருவி மட்டுமே காரணம் என்று கொள்வதற்கில்லை. அக்கடற்கரையின் ஒலிபெருக்கிகள் பல ஆண்டுகளாக அலை உயரத்தைச் சொல்லிவந்தன. சொன்னதும் கடலில் கண்டதும் ஒத்திருக்கின்றனவா என்று மீனவர் நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்த்தவர். அன்றுதான் முதன்முறையாக அக்குரல் கேட்டிருந்தால், எத்தனை பேர் சமைத்துக்கொண்டிருந்த சோற்றை விட்டுவிட்டு எழுந்திருப்பர் என்பது ஐயமே. நாள்தோறும் வந்த சிறு அறிவிப்புகள் சேர்த்துவைத்த நம்பிக்கை, ஒரே ஒரு காலைப்பொழுதில் செலவிடப்பட்டது.

கரிசல் நிலத்தின் கேள்வி

கடற்கரைக்கு அலை எப்படியோ, கரிசல் நிலத்துக்கு மழை அப்படி. குமாரலிங்கபுரம் போன்ற ஊர்களில் வேளாண்மை பெரிதும் வானம் பார்த்தது. ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. பருவமழைக்குச் சற்று முன்பாகவே காய்ந்த புழுதியில் சோளத்தையும் பருத்தியையும் விதைத்துவிடுவது கரிசல் உழவரின் உத்தி. மழை வந்தபின் கரிசல் மண் சேறாகிக் கால் வைக்கவிடாது. எனவே விதை முன்னரே மண்ணுக்குள் காத்திருக்க வேண்டும். இதில் ஓர் இடர் உண்டு. சிறு தூறல் விழுந்து விதை முளைத்துவிட்டு, அடுத்த மழை தாமதமானால் முளை கருகிவிடும். மறு விதைக்கு மறு செலவு.

இத்தகைய ஊருக்கு ஓர் இணையச் செயலி அமைப்பதாகக் கொள்ளலாம். குடிநீர் திறக்கும் நேரம், மழை முன்கணிப்பு, மின்னல் எச்சரிக்கை ஆகிய மூன்றை மட்டும் அது சொன்னால் போதும். அதை அமைக்க முன்வரும் மாணவர் முதலில் கற்க வேண்டியது அறிவிப்பு எவ்வாறு பயணம் செய்கிறது என்பதே.

அறிவிப்பின் பயணம்

பழைய இணையப் பக்கம் கேட்டால்தான் விடை சொல்லும். ‘கடிதம் வந்திருக்கிறதா’ என்று நாள்தோறும் அஞ்சலகத்துக்கு நடப்பதற்கு அது ஒப்பாகும். அறிவிப்பு அப்படியன்று; அஞ்சல்காரர் வீடு தேடி வருவது போன்றது. பயனர் பக்கத்தை மூடிவிட்டாலும் செய்தி வந்து சேர வேண்டும். கூகுள் நிறுவனத்தின் குரோம் உலவி 2015ஆம் ஆண்டிலும், பயர்பாக்ஸ் உலவி 2016ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இவ்வசதியை இணையதளங்களுக்கு அளித்தன. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனில் 2023 மார்ச்சில்தான் இது வந்தது. அதிலும் பயனர் அத்தளத்தை முகப்புத் திரையில் சேர்த்திருந்தால் மட்டுமே.

பயணம் அனுமதியில் தொடங்குகிறது. ‘அறிவிப்புகளை அனுப்பலாமா?’ என்று உலவி கேட்கிறது. பயனர் இசைந்தால், உலவியை உருவாக்கிய நிறுவனம் நடத்தும் விடுநர் நிலையத்திலிருந்து ஒரு தனி முகவரி பெறப்படுகிறது. குரோம் எனில் கூகுளின் நிலையம். பயர்பாக்ஸ் எனில் மொசில்லாவின் நிலையம். சஃபாரி எனில் ஆப்பிளின் நிலையம். இம்முகவரியோடு மறைகுறியாக்கத்துக்கான திறவுகோல்களும் சேர்ந்து செயலியின் சேவையகத்துக்கு வருகின்றன. சேவையகம் அவற்றைத் தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொள்கிறது. இதுவே ‘சந்தா’ எனப்படும். இதில் பயனரின் பெயரோ தொலைபேசி எண்ணோ இடம்பெறுவதில்லை என்பது கருதத்தக்கது.

செய்தி அனுப்பும் வேளையில், சேவையகம் அதை மறைகுறியாக்கி, தன் மின்கையொப்பத்தையும் இட்டு, அந்த முகவரிக்கு அனுப்புகிறது. நடுவிலுள்ள நிலையம் உறையைச் சுமக்குமேயன்றி உள்ளே இருப்பதைப் படிக்க இயலாது. அலைபேசி இணைப்பில் இல்லையெனில் நிலையம் செய்தியை வைத்திருந்து பிறகு தருகிறது. அலைபேசியை அடைந்ததும், ‘சர்வீஸ் வொர்க்கர்’ என்று நிரலாளர் அழைக்கும் பின்னணி நிரல் விழித்தெழுகிறது. இணையப்பக்கம் மூடியிருந்தாலும் இதற்குத் தடையில்லை. அந்நிரலே செய்தியைப் பிரித்துத் திரையில் காட்டுகிறது. இப்பயணத்துக்கான பொதுநெறிகள் 2016, 2017ஆம் ஆண்டுகளில் இணையப் பொறியியல் செயற்குழுவால் வெளியிடப்பட்டன.

நிரலகம் செய்வதும் செய்யாததும்

மேற்கூறியவற்றுள் மறைகுறியாக்கமும் மின்கையொப்பமும் கடினமான கணிதம் சார்ந்தவை. அவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுத வேண்டியதில்லை, எழுதவும் கூடாது. ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் பூட்டிய கதவு திறந்த கதவாகிவிடும். பலரும் ஆய்ந்து, திருத்தி, மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்கவாறு தொகுத்துவைத்த நிரல் பகுதிகளை நிரலகம் என்பர். நோட்.ஜேஎஸ் சூழலில் இயங்கும் ‘வெப்-புஷ்’ அத்தகைய கட்டற்ற நிரலகங்களுள் ஒன்று. அதை நிறுவியபின் செயலியாளர் செய்ய வேண்டியவை சிலவே: ஒருமுறை திறவுகோல் இணையை உருவாக்குதல், சந்தாக்களைச் சேமித்தல், சந்தாவையும் செய்தியையும் அனுப்பும் செயற்கூற்றிடம் ஒப்படைத்தல்.

திறவுகோல் இணையில் ஒன்று பொதுத் திறவுகோல். மற்றொன்று மறைத் திறவுகோல். பொதுத் திறவுகோலை உலவிக்குக் கொடுக்கலாம். மறைத் திறவுகோலை நிரலோடு சேர்த்துப் பொதுத் தளத்தில் ஏற்றிவிடுவது தொடக்கநிலையாளரிடம் காணப்படும் தவறு. சந்தாப் பட்டியலும் அதுவும் ஒருவர் கையில் சிக்கினால், ஊராட்சியின் பெயரில் அவர் எதையும் அறிவிக்கலாம்.

இனி, நிரலகம் செய்யாதவை. செய்தி எத்தனை நொடி உயிரோடு இருக்க வேண்டும் என்பதைச் செயலியாளரே கூற வேண்டும். இதற்கு ‘வாழ்நாள்’ என்று பெயர். மாலை 6 மணிக்கு ஓயவிருக்கும் மின்னலைப் பற்றிய எச்சரிக்கைக்குச் சில மணி நேர வாழ்நாள் போதும். அதை ஒரு வாரமாக வைத்தால், மறுநாள் காலை அலைபேசியை இயக்கும் ஆடு மேய்ப்பவருக்கு, தெளிந்த வானத்தின்கீழ் நேற்றைய மின்னல் எச்சரிக்கை வந்து சேரும். இரண்டு முறை இப்படி நேர்ந்தால் மூன்றாம் முறை அவர் திரையைப் பார்க்கமாட்டார். அவரைக் குறை கூறவும் முடியாது.

அவசரத்தின் அளவும் அவ்வாறே. மின்னலுக்கு உயர் அவசரம். குடிநீர் நேரத்துக்கு இயல்பு நிலை. எல்லாவற்றையும் உயர் அவசரமாகக் குறித்துவிடும் ஆசை யாருக்கும் எழும். அதற்கு இடங்கொடுத்தால் அக்குறிக்குப் பொருளே இராது. மேலும், செயலிழந்த சந்தாக்களுக்கு அனுப்ப முற்படும்போது விடுநர் நிலையம் 404 அல்லது 410 என்னும் எண்ணை விடையாகத் தரும். அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை என்பது அதன் பொருள். அம்முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். நீக்காத பட்டியல் ‘500 பேருக்கு அனுப்பினோம்’ என்று பெருமை பேசும். பெற்றவரோ அதில் பாதியும் இரார்.

தெரிந்து தெளிவோம்

‘மின்னல்’ என்னும் சொல்லில் நான்கு எழுத்துகள் இருப்பதாக இலக்கணம் கூறும். கணினியோ ஒருங்குறியில் அதை ஏழு குறியீடுகளாகச் சேமிக்கிறது: ம, இகரக்குறி, ன, புள்ளி, ன, ல, புள்ளி. இணையத்தில் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் வேண்டும். ஆகவே ‘மின்னல்’ 21 பைட்டுகளைக் கொள்ளும். இணைய அறிவிப்பின் கொள்ளளவு ஏறத்தாழ 4,000 பைட்டுகள். குறுஞ்செய்தியிலோ ஆங்கிலத்துக்கு 160 குறியீடுகள் கிடைக்கும்போது தமிழுக்கு 70 குறியீடுகளே கிடைக்கின்றன. தமிழில் அறிவிப்பு எழுதுபவருக்குச் சுருங்கச் சொல்லல் அழகு மட்டுமன்று, தேவையும் ஆகும்.

உழவு மழையும் கனமழையும்

கொள்ளளவு இருந்தாலும் திரை இடங்கொடுப்பதில்லை. பூட்டிய திரையில் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகளே தெரிகின்றன. எனவே செய்தியின் சாரம் அவ்வரிகளுக்குள் அடங்க வேண்டும்.

‘தங்கள் பகுதிக்கான வானிலை சார்ந்த முக்கியத் தகவல் பதிவேற்றப்பட்டுள்ளது. காண்பதற்கு இங்கே அழுத்தவும்’ என்பது ஒரு வகை. இலக்கணப் பிழை இல்லை, பயனும் இல்லை. ‘இன்று மாலை 3 மணி முதல் 6 மணி வரை இடி மின்னல் வரலாம். ஆடு மாடுகளை மரத்தடியில் நிறுத்தாதீர்கள். வெட்டவெளியில் நிற்காமல் வீட்டுக்குள் வந்துவிடுங்கள்’ என்பது மற்றொரு வகை. இதில் எப்போது, என்ன, யார் என்ன செய்ய வேண்டும் என்னும் மூன்றும் அழுத்தாமலே கிடைக்கின்றன. முரசறைவோனின் வரிசையும் இதுதான்.

சொல்லின் பொருளிலும் கவனம் வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கில் ‘கனமழை’ என்பது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்யும் மழை. கரிசல் உழவர் மில்லிமீட்டரில் பேசுவதில்லை. மண்ணில் ஏர் இறங்கும் அளவுக்கு ஈரம் இருந்தால் ‘ஓர் உழவு மழை’ என்பார். அதற்கும் மேலானால் ‘இரண்டு உழவு மழை’ என்பார். துறை ‘லேசான மழை’ என்று குறிப்பதை, விதைப்புக்குக் காத்திருப்பவர் ‘மழை வருகிறது’ என்று கேட்டுவிடக்கூடும். அச்செவிப்பிழையின் விலை முளைத்துக் கருகும் விதை. ஆகவே, ‘இரு நாட்களில் தூறல் மட்டும் எதிர்பார்க்கப்படுகிறது, விதைப்புக்குப் போதாது’ என்று வெளிப்படையாக எழுதுவது நன்று. மழை வருமென்று சொல்லும் அறிவிப்பைவிட, விதைக்குப் போதாதென்று சொல்லும் அறிவிப்பு சிலவேளைகளில் கூடுதல் மதிப்புடையது.

முன்கணிப்பைச் செயலியாளர் தாமே புனையலாகாது. வானிலை ஆய்வுத் துறையும் வேளாண் பல்கலைக்கழகங்களும் இணைந்து செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வேளாண் வானிலை அறிக்கை வெளியிடுகின்றன. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, பயனர் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் எல்லைக்குள் மின்னல் தாக்கும் வாய்ப்பைக் காட்டுகிறது. தமிழ்நாடு அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலி 2024 முதல் தமிழிலேயே வானிலை எச்சரிக்கைகளைத் தருகிறது. ஊர்ச் செயலியின் வேலை இவற்றோடு போட்டியிடுவதன்று. இவற்றின் செய்தியை மூலம் குறிப்பிட்டு ஊரின் சொல்லில் தருவதே.

கேட்டுப் பெறும் உரிமை

அறிவிப்பு ஒருவரின் உறக்கத்தையும் வேலையையும் இடைமறிக்க வல்லது. எனவே அதற்கு இசைவு கட்டாயம். ஆனால், பக்கம் திறந்தவுடனே அனுமதி கேட்கும் வழக்கம் இணையமெங்கும் பெருகியது. வாசலில் கால் வைத்ததும் கையொப்பம் கேட்கும் கடையை ஒத்தது அது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயர்பாக்ஸ், குரோம் ஆகிய இரண்டுமே இத்தகைய வேண்டுகோள்களை ஒதுக்கிக் காட்டத் தொடங்கின. பயனர் ஒருமுறை மறுத்துவிட்டால் அத்தளம் மீண்டும் கேட்க உலவி பொதுவாக இடந்தராது. குமாரலிங்கபுரத்துச் செயலி முதலில் தன் பக்கத்தில் மூன்று வகைச் செய்திகளையும் விளக்கி, ‘மின்னல் எச்சரிக்கை மட்டும் வேண்டும்’ என்று தேர்ந்தெடுக்க வழிசெய்து, பயனர் பொத்தானை அழுத்திய பின்னரே உலவியின் அனுமதியைக் கோர வேண்டும். நிறுத்தும் வழியும் சேரும் வழியைப் போலவே எளிதாக இருக்க வேண்டும்.

பேரிடர் நேரத்தில் அனுமதிக்காகக் காத்திருக்க முடியாதே என்னும் வினா எழலாம். அதற்கு வேறு வழி உண்டு. குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லைக்குள் இருக்கும் அலைபேசிகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் செய்தியை ஒலிபரப்பும் முறை அது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு பல மாநிலங்களில் இதன் சோதனை நடைபெற்றது. பெருத்த ஒலியுடன் வந்த சோதனைச் செய்தியால் பலர் திடுக்கிட்டனர். இம்முறையில் சந்தா இல்லை, முகவரி இல்லை. அதனாலேயே அது அரசின் கையில் மட்டும் இருக்கிறது.

பொத்தான் அலைபேசி வைத்திருப்பவரும், அலைபேசியே இல்லாதவரும் ஊரில் உண்டு. அவர்களுக்கு இணைய அறிவிப்பு எட்டாது. ஊராட்சி அலுவலகத்தில் அறிவிப்பைப் பெறும் ஒருவர் அதை ஒலிபெருக்கியில் படிப்பதையும் செயலியின் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். நல்லவாட்டில் நடந்ததும் அதுவே: கம்பி ஒரு வீடு வரை வந்தது, மீதி வழியைக் குரல் கடந்தது.

திரும்பப் பெறும் செய்தி

2018 ஜனவரி 13 அன்று காலை 8.07 மணிக்கு அமெரிக்காவின் ஹவாய் மாநில மக்களின் அலைபேசிகளில், ஏவுகணை வருகிறது, புகலிடம் தேடுங்கள், இது ஒத்திகையன்று என்னும் பொருளில் எச்சரிக்கை வந்தது. ஏவுகணை எதுவும் வரவில்லை. ஒத்திகை வேளையில் அவசரகால மேலாண்மை முகமையிலிருந்து அது தவறுதலாக அனுப்பப்பட்டிருந்தது. தவறு சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதே வழியில் திருத்தச் செய்தி மக்களை அடைய 38 நிமிடங்கள் ஆயின. எச்சரிக்கைக்கான வாசகம் ஆயத்தமாக இருந்தது. அதைத் திரும்பப் பெறுவதற்கான வாசகத்தை யாரும் முன்னரே எழுதிவைக்கவில்லை.

ஊர்ச் செயலி சிறியதாயினும் இத்தேவை அதற்கும் உண்டு. ஒத்திகைக்கான சந்தாப் பட்டியலும் மெய்யான பட்டியலும் வேறுவேறு இடங்களில் இருக்க வேண்டும். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும், எத்தனை பேருக்கு என்ன செய்தி செல்கிறது என்பதைக் காட்டி மறுமுறை உறுதி கேட்க வேண்டும். ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஓர் அடையாளச்சொல் இடலாம். அதே அடையாளச்சொல்லுடன் செல்லும் புதிய செய்தி, திரையில் நிற்கும் பழைய செய்தியை அகற்றிவிட்டு அதன் இடத்தில் அமரும். எச்சரிக்கை வாசகம் எழுதப்படும் நாளிலேயே அதன் அருகில் திருத்த வாசகமும் சேமிக்கப்பட வேண்டும்: ‘இன்று காலை அனுப்பிய மழை அறிவிப்பு தவறானது. மழை எதிர்பார்க்கப்படவில்லை. விதைப்பைத் தள்ளிவையுங்கள். அடுத்த அறிவிப்பு மாலை 5 மணிக்கு.’